குழந்தையம்மாளுக்குப் புரியாத சொல்

என் மனைவி குழந்தையம்மாளின் மாவு மில்லைப் பார்க்க வருகிறவர்கள், சுற்றி வளைத்து, கடைசியில் என்னிடம் ஒரே கேள்விக்குத்தான் வந்து சேருகிறார்கள். "அம்மணிக்கு மட்டும் இதெப்படீங்க முடிஞ்சுது?" கேட்ட கையோடு பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். சிலர் தைரியம் என்கிறார்கள், சிலர் ஜாதகம் என்கிறார்கள். தைரியமாவது ஒன்றாவது. பல்லி மேலே விழுந்தால் ஊரைக் கூட்டுகிற ஆள் அவள். ஜாதகத்தைப் பற்றி நான் பேசக்கூடாது, என் ஜாதகமும் அதோடு சேர்த்துக் கட்டப்பட்டதுதான். எனக்குத் தெரிந்து அவளிடம் உள்ள விசேஷம் ஒன்றே ஒன்று. 'பாக்கலாமுங்க' என்ற சொல்லுக்கு அவளுக்கு அர்த்தம் தெரியாது.

தெரியாது என்றா சொன்னேன்? என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாதவளைப் போல நடந்துகொள்வாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியாமல் இருந்தது.

கோயமுத்தூர்ப் பக்கம் வந்து பழகாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நாங்கள் யாரையும் முகத்துக்கு நேரே மறுத்துப் பேசமாட்டோம். வண்டி இரவல் கேட்டாலும் சரி, பெண் கேட்டாலும் சரி, இஷ்டம் இல்லை என்றால் 'பாக்கலாமுங்க' என்போம். கேட்டவர் புரிந்துகொண்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, 'செரீங்க, போயிட்டு வாரேனுங்க' என்று எழுந்துவிடுவார். இல்லை என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்று யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. இரண்டு பேருக்கும் மரியாதை மிஞ்சும். இப்படித்தான் எங்கள் ஊரான ஊஞ்சக்காட்டில் தலைமுறை தலைமுறையாக ஒருத்தரை ஒருத்தர் நோகடிக்காமல் காலம் தள்ளினோம்.

அந்தச் சொல்லுக்கு அவளிடம் முதலில் பலியானவன் நான்தான்.

முப்பத்து நாலாம் வருஷம், ஐப்பசி மாதம். சூலூரில் ஆயில் இன்ஜின் வைத்து ஒருவர் மாவு மில் நடத்திக்கொண்டிருந்தார். எங்கள் ஊரிலிருந்து நாலு மைல். குழந்தையம்மாள் ஒருநாள் கம்பு அரைக்கப் போனவள் உச்சிப்பொழுதுக்குத்தான் திரும்பினாள். மாவு நைசாக இருக்கிறதா என்று கேட்டேன். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை.

"நாப்பத்தேழு கூடைங்க" என்றாள்.

"என்ன நாப்பத்தேழு?"

"எனக்கு முன்னால வரிசையில இருந்த கூடை. அதுல பதினெட்டுக் கூடை நம்மூரத் தாண்டி வந்தவங்களுது. நம்மூர்லயே மில்லு இருந்தா அவங்க அவ்வளவு தூரம் ஏனுங்க நடக்கறாங்க?"

நான் வரிசையில் நின்றிருந்தால் கால் வலியைத்தான் எண்ணியிருப்பேன். இவள் கூடையை எண்ணிக்கொண்டு வந்திருக்கிறாள். அன்று சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்: "நீலகிரியில இருந்து வர்ற பைக்காரா கரண்டு சூலூர் வரைக்கும் வந்திருச்சாமுங்க. நம்மூருக்கும் வந்தா மில்லு போடலாம், கெணத்துக்கு மோட்டாரும் போடலாம். கவலை மாட்டக் குடுத்துப்போட்டு மெசினு வாங்கலாங்களா?"

மாடு பூட்டி, சால் என்கிற பெரிய வாளியால் கிணற்றில் தண்ணீர் இறைப்பதற்கு எங்கள் பக்கத்தில் கவலை என்று பெயர். பெயர் வைத்தவன் கட்டாயம் ஒரு நாளாவது ஓட்டிப் பார்த்திருப்பான். நான் வாயில் இருந்த சோற்றோடு "பாக்கலாம்" என்றேன். வேறு என்ன சொல்வது? தோட்டத்தில் ஒன்றரை ஏக்கர் புகையிலை நட்டிருக்கிறேன். மாட்டை விற்றால் தண்ணீருக்கு எங்கே போவது? முடியாது என்று சொன்னால் அவள் முகம் சுருங்கும். அதனால் மரியாதையாகச் சொன்னேன்.

பத்து நாள் கழித்து ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கட்டுத்தறி காலியாக இருந்தது. பசு மட்டும் நின்று என்னைப் பார்த்தது.

"மாடு எங்கே?"

"சூலூர்ச் சந்தையில எந்தம்பிய உட்டுக் குடுத்துப்போட்டனுங்க."

"ஆரக் கேட்டுக் குடுத்தே?"

"உங்களத்தானுங்க. நீங்கதான பாக்கலாம்னீங்க? பாத்தேன். நல்ல வெலையாத்தான் வந்துது."

எனக்கு வந்த கோபத்தில் சொம்பை எடுத்து வீசினேன். அது பசுவின் மேல் பட்டது, பசு உதைத்தது, கறந்து வைத்திருந்த பாலும் போயிற்று. அவள் அமைதியாகச் சொம்பை எடுத்துக் கழுவி வைத்தாள். கோயமுத்தூரில் பழைய இரும்பு வியாபாரம் செய்கிற உமர் பாரூக் ராவுத்தர் கடையில் மாவு மெசினுக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டதாம். தை மாதம் முடியும்வரை புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கத் தன் தம்பியின் மாட்டு ஜோடியை இரவல் வாங்கிக் கட்டியும் விட்டாள். அதற்குமேல் ஒரு நாள்கூடத் தர முடியாது, மாசியில் எனக்கே வேண்டும் என்று தம்பி முன்கூட்டியே சொல்லிவிட்டான். அவன் அவள் கூடப் பிறந்தவன், அவளிடம் 'பாக்கலாம்' சொல்லக்கூடாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

கார்த்திகையில் மின்சார இலாகா ஓவர்சியர் சுந்தரராஜுலு என்பவர் சைக்கிளில் வந்தார். வடக்கே இருந்து வந்தவர், வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுவார். "எட்டு கனெக்‌ஷனுக்குக் கையெழுத்து வேணும். தை கடைசி தேதிக்குள்ள எட்டு வந்தா உங்க ஊருக்குக் கம்பம் நடுவோம். ஏழு இருந்தாலும் கிடையாது. கம்பம் எல்லாம் அடுத்த ஊருக்குப் போயிடும், அப்புறம் ரெண்டு வருஷத்துக்கு இந்தப் பக்கம் வரமாட்டோம்" என்றார்.

எங்கள் மில் ஒன்று, எங்கள் கிணறு ஒன்று. மீதி ஆறு பேர் வேண்டும். ஆறு பேர் கிடைக்காவிட்டால் கரண்டு வராது, மெசின் வாங்கி வீட்டில் வைத்து மஞ்சள் குங்குமம் இடலாம். மாசியில் இரவல் மாடும் போய்விடும், புகையிலை கண் முன்னால் காயும். அந்த வருஷத்துச் சோறே அந்தப் புகையிலைதான். இதை எல்லாம் நான் அவளிடம் ஒரு பாட்டம் சொல்லி முடித்தேன். அவள் ஓவர்சியர் கொடுத்த கடுதாசிகளை முந்தானையில் சுற்றிக்கொண்டு, "அப்ப இன்னைக்கே ஆரம்பிச்சர்லாமுங்க" என்றாள்.

முதல் வீடு வேங்கடசாமி வீடு. கிழக்குத் தோட்டத்துக்காரர். நயமான மனுஷர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நல்ல காரியந்தான் அம்மணி. பாக்கலாமுங்க" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் எழுந்திருக்கத் தயாரானேன்.

"எப்பங்க பாக்கலாம்?" என்றாள் குழந்தையம்மாள்.

வேங்கடசாமியிடம் ஆயுசில் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. "இப்ப வெள்ளாமை வேலையா இருக்குதல்லொ. பொங்கல் போகட்டுமுங்க" என்றார்.

பொங்கல் போயிற்று. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், கரிநாள், ஊரே கறி தின்றுவிட்டுக் கண் சொக்கிப் படுத்திருக்கிற நேரம், இவள் வேங்கடசாமி வாசலில் நின்றாள். "பொங்கல் போயிருச்சுங்களே" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். நான் அவர் வீட்டு முருங்கை மரத்தைப் பார்த்தேன். நல்ல நாள் பார்க்க வேண்டும் என்றார். இவள் மடியிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்தாள், ஏற்கெனவே பக்கம் மடித்து வைத்திருந்தாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

எனக்குத் தூக்கில் தொங்கலாம் போல இருந்தது. "உனக்கு வெக்கமே இல்லியா? அவர் மாட்டேன்னு சொன்னது உனக்கு வெளங்கலியா?" என்று வழியெல்லாம் சண்டை போட்டேன்.

"அவரு வாயில மாட்டேன்னு வரலீங்களே."

"எல்லாத்தையும் வாயத் தொறந்தா சொல்லுவாங்க?"

"சொல்லோணுமுங்க. அவரு பாக்கலாம்னாரு. நான் அவரு பேச்ச மதிக்கறேன். நீங்கதான் பொய் சொல்றாருங்கறீங்க."

நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தேன்.

அதற்குள் ஊரில் பேச்சுப் பரவிவிட்டது. இவள் தலை தெரிந்தால் ஆண்பிள்ளைகள் பின்வாசல் வழியாகக் காட்டுக்குப் போனார்கள். ஒருத்தர் 'மகனைக் கேக்கோணும்' என்றார். இவள் பல்லடம் போய் மகனைக் கேட்டுக்கொண்டு வந்தாள். இன்னொருத்தர் கரண்டு ஆளை அடிக்குமாமே என்றார். இவள் வாதாடவில்லை, சூலூரில் மோட்டார் வைத்திருக்கிற ஒரு தோட்டத்துக்கு அவரை வண்டி கட்டி அழைத்துப்போய், அங்கே இருந்த பெண்பிள்ளை ஸ்விட்சைப் போடுவதைக் காட்டினாள். பெண்பிள்ளை போட்டதை நாம் போடாவிட்டால் எப்படி என்று அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தை இருபதுக்குள் ஆறு கையெழுத்தும் சேர்ந்துவிட்டன. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், எங்கள் ஊரில் ஆறு அம்மி நகர்ந்தது.

நான் மூச்சு விடலாம் என்று பார்த்தேன். விடமுடியவில்லை. ஏழாவது மில், அது எங்கள் சொந்த இடம், சிக்கல் இல்லை. எட்டாவது எங்கள் கிணறு. அங்கேதான் வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

கிணறு பங்குக் கிணறு. என் பாட்டனார் வெட்டியது. பாதி எனக்கு, பாதி என் பெரியப்பா மகன் பொங்கியண்ணனுக்கு. இரண்டு நாள் அவர் முறை, இரண்டு நாள் எங்கள் முறை. அவரவர் முறைக்கு அவரவர் மாட்டைக் கட்டி இறைத்துக்கொள்வோம். பங்காளிகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடாமல் அந்தக் கிணற்றில் மோட்டார் வைக்க முடியாது என்று ஓவர்சியர் சொல்லிவிட்டார். பொங்கியண்ணனும் நானும் பேசிப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஏன் என்று யாராவது கேட்டால், "என்னமோ அப்படியே ஆகிப்போச்சு" என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்வோம். முறை மாறுகிற அன்று அவர் வருகிற வரப்பில் நான் போகமாட்டேன்.

"அங்கே மட்டும் போகாதே" என்றேன். அவள் போனாள். புருஷனுக்கு அண்ணன் முறையான மூத்தார் முன்னால் நேர் நின்று பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இல்லை. அதனால் பொங்கியண்ணன் மனைவி நஞ்சம்மாளைப் பார்த்துப் பேசுவது போல, கதவோரமாக நின்று, உள்ளே உட்கார்ந்திருக்கிறவருக்குக் கேட்கும்படி பேசினாளாம். அவர், "பாக்கலாமுங்க அம்மணி" என்றார். அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள். அவர் சலிக்கவே இல்லை, அதே சொல், அதே மரியாதை, அதே மோர். ஏழு நாள். தையில் மிச்சம் இருந்தது இரண்டே நாள்.

எட்டாம் நாள் உச்சிப்பொழுதில் அவள் திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. நடையில் ஒரு துள்ளல் இருந்தது. நான் பாயிலிருந்து எழுந்தேவிட்டேன்.

"போட்டுட்டாரா?"

"இல்லீங்க. முடியாதுன்னு சொல்லிப்போட்டாருங்க."

"இதுக்கா இந்தச் சிரிப்பு?"

"பின்ன? இந்தூர்ல எனக்கு மொத மொதல்ல ஒருத்தரு முடியாதுன்னு சொல்லியிருக்காருங்க" என்று சொல்லித் தண்ணீர் குடித்தாள். "பாக்கலாம்ங்கறவங்ககிட்ட என்னத்தப் பேசறது? பஞ்சு மூட்டையக் குத்தற மாதிரி, கைதான் உள்ளார போவுது. முடியாதுங்கறவரு ஏன் முடியாதுன்னும் சொல்லுவாரு. சொன்னாருங்க. நம்ம மோட்டாரப் போட்டம்னா நம்ம மொறையிலயே கெணத்த வறட்டிப்போடுவம், அவரு மொறைக்குச் சேறுதான் மிஞ்சும்ங்கறாரு. நெசந்தானுங்களே? மாடுன்னா ரெண்டு நாள்ல இத்தன சால்தான்னு ஒரு அளவு இருக்குது. மோட்டாருக்கு ஏது அளவு?"

நான் யோசித்துப் பார்த்தேன். நியாயமான பயம்தான். ஊரில் யாரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"அதுக்கு ஒரு வழியும் சொல்லிப்போட்டு வந்தனுங்க" என்றாள். "மோட்டார் அவரு பேர்ல இருக்கட்டும். மோட்டார் ரூமுச் சாவி அவருகிட்டயே இருக்கட்டும். நம்ம மொறைக்கு எத்தன மணிநேரம்னு ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கலாம். அந்த நேரத்துக்கு நாம போயிச் சாவி கேட்டு வாங்கிக்கலாம்."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "எம்பட பாட்டன் வெட்டுன கெணத்துக்கு நான் போயி அவன்கிட்டச் சாவிக்கு நிக்கறதா?"

"எனக்கு வேண்டியது கரண்டுங்க. சாவி ஆரு இடுப்புல தொங்குனா என்ன?" என்றாள். அவளுடைய கணக்கே அதுதான். தனக்கு எது வேண்டும் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இருக்காது, மற்றதை எல்லாம் கேட்டவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். எனக்கோ மற்றதுதான் பெரிதாகத் தெரியும். "அவரும் செரின்னாருங்க. ஆனா ஒண்ணு, அதை உம்பட ஊட்டுக்காரன் வந்து அவன் வாயால சொல்லோணும், அப்பத்தான் கையெழுத்துப் போடுவேன்னாரு. நாளைக்குக் காத்தால ஓவர்சியர் வாராரு. இன்னைக்குப் பொழுதுக்குள்ள நீங்க போயிட்டு வந்தர்றீங்களா?"

வாய் வரைக்கும் வந்த சொல்லை அவள் கண் பார்த்துவிட்டது.

"பாக்கலாம்னு மட்டும் சொல்லாதீங்க. போவேன்னு சொல்லுங்க, இல்லாட்டி முடியாதுன்னு சொல்லுங்க."

"முடியாது" என்றேன். கலியாணம் ஆகிப் பதினாறு வருஷத்தில் அவளிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னது அதுதான் முதல் தடவை. இடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவள் பாயின் ஓரத்தில் வசதியாக உட்கார்ந்து, "ஏனுங்க?" என்றாள். கோபமே இல்லை. வேங்கடசாமியிடம் கேட்ட அதே குரலில் கேட்டாள்.

மானம் என்றேன். ஊர் சிரிக்கும் என்றேன். அவர் பெரிய மனுஷன் மாதிரி நடந்துகொள்ளவில்லை என்றேன். அவள் ஒவ்வொன்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். எல்லாம் தீர்ந்த பிறகு, "அவரு நம்மள ஏன் இவ்வளவு சந்தேகப்படறாருங்க? ஊர்ல வேற ஆரையும் அவரு அப்படிச் சொல்லி நான் கேக்கலீங்களே" என்றாள்.

அதற்கு எனக்குக் காரணம் தெரியும். எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும், என் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு.

பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின பங்குனி. மழை பொய்த்த வருஷம். கிணற்றில் ஒரு ஆள் மட்டத்துக்குத்தான் தண்ணீர். பொங்கியண்ணன் குடும்பத்தோடு சென்னிமலைக்குக் காவடி எடுத்துப் போயிருந்தார். அவர் பண்ணையத்தில் வேலை செய்த மாசாணம் முறைக்கு மாடு கட்ட வந்தபோது, காய்ச்சல் முகமாக இருக்கிறதே, வீட்டுக்குப் போ, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று என் அப்பா அனுப்பிவிட்டார். பிறகு பொங்கியண்ணன் முறையில் எங்கள் காட்டுக்குத் தண்ணீர் இறைத்தோம். அப்பாவுக்கு அப்போது முதுகு முடியாது. மாட்டை ஓட்டியது நான்.

பொங்கியண்ணன் திரும்பி வந்தபோது அவருடைய மிளகாய்க் காடு தலை தொங்கிக் கிடந்தது. மாசாணம், தன்னை என் அப்பா வீட்டுக்கு அனுப்பியதை மட்டும் சொன்னான். அவர் நேரே என்னிடம் வந்தார். அப்பாவிடம் போகவில்லை, என்னிடம்தான் வந்தார். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர். "தம்பி, எம்பட மொறையில நீங்க கவலை ஓட்டுனீங்களா?" என்று கேட்டார்.

நான், "விசாரிச்சுப் பாக்கலாமுங்கண்ணா" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான் நடந்தது. சண்டை இல்லை, சத்தம் இல்லை. நான் விசாரித்துச் சொல்வேன் என்று பன்னிரண்டு வருஷமாக அவர் காத்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

இதை அன்றைக்குத்தான் குழந்தையம்மாளிடம் சொன்னேன். அவள் ஏசவில்லை, தேற்றவும் இல்லை. கொடியில் கிடந்த என் துண்டை எடுத்துக் கொடுத்தாள். "இப்ப அவரு மொறைதானுங்க. கெணத்து மேட்டுல இருப்பாரு" என்றாள்.

போனேன். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. பொங்கியண்ணன்தான் மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். மாடு சரிவில் இறங்கும்போது வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து இறங்கினார், சால் தண்ணீரைக் கொட்டியதும் மாட்டைப் பின்னுக்கு நடத்திக்கொண்டு மேலே வந்தார். என்னைப் பார்த்தார், நிறுத்தவில்லை. சாவியைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அவர் மேலே வந்து நின்றபோது வேறு வந்தது.

"அண்ணா, அன்னைக்கு உங்க மொறையில நாங்க கவலை ஓட்டுனது நெசந்தானுங்க. நாந்தான் மாட்ட ஓட்டுனேன். தெரிஞ்சுதான் ஓட்டுனேன்."

அவர் மாட்டை இறக்கினார். சால் மேலே வந்து கொட்டியது. திரும்ப மேலே வந்தார். இன்னொரு சாலும் கொட்டியது. நான் அங்கேயே நின்றேன். பிறகு மாட்டை நிறுத்தி, நுகத்தடியில் கையை வைத்துக்கொண்டு, "எத்தன நாளு?" என்றார்.

"ரெண்டு நாள் உங்க மொறைங்க. அடுத்தது எங்க மொறை. அதுக்கடுத்தாப்பல உங்களுதுல ஒரு நாளும் சேத்துங்க. மூணு நாளு."

"மூணா?" என்றார் பொங்கியண்ணன். "நான் இத்தன வருசமா ரெண்டுன்னுல்ல நெனச்சுட்டிருக்கறேன்."

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை போலிருந்தது, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், "சாவி எங்கிட்டத்தான் இருக்கும்" என்றார்.

"இருக்கட்டுங்கண்ணா."

"உம்பட மொறைக்கு நீதான் வந்து கேக்கோணும். ஆள அனுப்பப்படாது."

"வாரேனுங்க."

"அம்மணிகிட்டக் கடுதாசியக் குடுத்து உடு" என்று சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினார்.

மறுநாள் காலையில் ஓவர்சியர் எட்டுக் கடுதாசியையும் இரண்டு தடவை எண்ணினார். கையெழுத்துகளை எல்லாம் புரட்டிவிட்டு, "நான் நாலு கூடத் தேறாதுன்னு நினைச்சேன். எல்லாரும் சரின்னுட்டாங்களா?" என்று கேட்டார். "ஒருத்தரு முடியாதுன்னாருங்க. அதனாலதான் முடிஞ்சுது" என்றாள் குழந்தையம்மாள். அவருக்குப் புரியவில்லை. வெளியூர்க்காரர்தானே.

மாசியில் கம்பம் நட்டார்கள். மைத்துனன் சொன்ன சொல் தவறாமல் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனான். கம்பி இழுத்துக் கரண்டு வரும்வரை பத்தொன்பது நாள், பொங்கியண்ணனின் மாட்டைக் கட்டித்தான் என் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தேன். நான் கேட்கவில்லை, அவரே ஓட்டிக்கொண்டு வந்து கட்டுத்தறியில் கட்டிவிட்டுப் போனார். பங்குனியில் மில் ஓடியது. முதல் நாள் பதினோரு கூடை வந்தது. என் மனைவிக்கு முகம் தொங்கிவிடும் என்று பார்த்தேன், அவளோ வராத பெண்கள் ஏன் வரவில்லை என்று வீடு வீடாகக் கேட்கப் போய்விட்டாள். கம்பு சூடேறினால் மாவு கசக்கிறது என்றார்களாம். கல்லை மெதுவாக ஓட்டச் சொன்னாள். ஆடி பிறப்பதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. இப்போது எண்ணெய்ச் செக்குக்கு மெசின் போட வேண்டும் என்கிறாள். நான் முடியாது என்றிருக்கிறேன், காரணங்களோடு. அவள் ஒவ்வொன்றாகத் தீர்த்துக்கொண்டு வருகிறாள், இன்னும் இரண்டுதான் பாக்கி.

சாவிக்கு நான்தான் போகிறேன். என் முறை என்று நன்றாகத் தெரிந்தும் பொங்கியண்ணன் ஒவ்வொரு தடவையும், "என்ன சமாச்சாரம் பாலுசாமி?" என்று கேட்பார். நான் சொல்லித்தான் வாங்க வேண்டும். சொன்ன பிறகு மழையைப் பற்றி, புகையிலை விலையைப் பற்றி, அவர் மகள் புருஷனைப் பற்றி என்று பேச்சுப் போகும். சில நாள் சாவியை வாங்காமலே எழுந்து வந்து பாதி வழியில் திரும்பிப் போயிருக்கிறேன்.

இந்தப் பங்குனியில் அவர் சென்னிமலைக்குப் புறப்பட்டார். வண்டி என் வாசலில் நின்றது. இறங்கி வந்து, இடுப்பிலிருந்த சாவியை அவிழ்த்து என் கையில் வைத்தார். "வர மூணு நாளாகும்" என்றார். வண்டி திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று அவர் முறை. நான் கிணற்றடிக்குப் போய் மோட்டாரைப் போட்டேன். வாய்க்காலை அவர் காட்டுப் பக்கம் திருப்பிவிட்டு, கடைசிப் பாத்தி நனையும்வரை மண்வெட்டியோடு அங்கேயே நின்றேன்.